இணைய இணைப்பும் அளவை நீதியும்



மதரஸா ஆசிரியரிடம் வாரிசுரிமை பற்றியும் ஜகாத் பற்றியும் மஸ்அலா கேட்டு வருவோர் உண்டு. இணையக் கம்பியைப் பற்றிக் கேட்டு வருவோர் அரிது. சிறு வயதில் நம்மிடம் மக்தப் ஓதிய தம்பி ஒருவர், அண்ணாகிராமம் வட்டாரத்தில் சில ஊர்களுக்குக் கேபிள் தொலைக்காட்சியும் இணைய இணைப்பும் கொடுத்து வருகிறார். கடந்த ஓராண்டாகத் தம் பழைய வலையமைப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாக அமைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வேலையின் நடுவே இரண்டு கேள்விகளோடு நம்மிடம் வந்தார். "எல்லா வீட்டுக்கும் நூறு மெகாபிட் என்று சொல்லித்தான் விற்கிறோம், ஹஜ்ரத். ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நூறு கொடுக்க என்னிடம் இல்லை. இது அளவையில் குறைப்பது ஆகுமா?" என்பது முதற்கேள்வி. இரண்டாவது அதைவிடக் கடினமானது. அதைப் பின்னர் சொல்வோம்.

ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதற்குச் சட்டம் சொல்வது ஃபிக்ஹ் ஆகாது. ஆகவே சில வாரங்கள் அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய கடையில் அமர்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்தும் கேட்டும் அறிந்துகொண்டோம். அரிசிக்கும் மின்சாரத்துக்கும் அடுத்தபடியாக மாதந்தோறும் நாம் பணம் கொடுத்து வாங்குவது இன்று இணையத்தைத்தான். ஆயினும் வாங்கும் பொருள்களுள் நாம் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் அதனையே. அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1998இல் தனியாருக்கும் வழி திறக்கப்பட்டது. இணையச் சேவை உரிமத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. ஏ பிரிவு நாடு முழுமைக்கும், பி பிரிவு ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், சி பிரிவு ஒரு மாவட்ட அளவிலான சிறு பகுதிக்கும் உரியது. நம் தம்பி பெற்றிருப்பது சி பிரிவு. பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து மொத்தமாக அலைவரிசைத் திறனை வாங்கி வீடுகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதே அவருடைய தொழில். மண்டியில் மூட்டை வாங்கிப் படியால் அளந்து விற்பவரின் இடத்தில் அவர் இருக்கிறார். சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கம்பிகளின் வழியே சிங்கப்பூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் செய்தி, பல கைகள் மாறி, கடைசியில் நம் தெரு முனையில் அவர் கையில் அளக்கப்படுகிறது.

அவருடைய பழைய வலையமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மாடியிலிருந்து வீட்டு மாடிக்குச் செம்புக் கம்பி இழுத்து, தெருவுக்கு ஒரு சுவிட்ச் பெட்டி வைத்திருந்தார். அந்த வகைக் கம்பி நூறு மீட்டருக்கு மேல் செல்லாது. ஒவ்வொரு பெட்டிக்கும் யாரேனும் ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த வீட்டார் வெளியூர் செல்லும்போது மெயினை அணைத்துவிட்டால் தெருவே இருளும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் பெட்டிகள் கொத்தாக எரியும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் தாழ்ந்து தொங்கும் கம்பியை இழுத்துக்கொண்டு போகும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 2011 டிசம்பர் 30ஆம் நாளுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் கிடந்த கிடையை நினைவில் வைத்திருப்போருக்கு, மரத்துக்கும் மாடிக்கும் இடையே கட்டிய கம்பி என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

புதிய அமைப்பு கண்ணாடி இழையால் ஆனது. ஜிபான் என்று அதனை அழைக்கிறார்கள். கடையில் ஓ.எல்.டி. என்னும் தலைமைப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, வழியில் பிரிப்பான் ஒன்றில் 32 ஆகவோ 64 ஆகவோ கிளை பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம். வெறும் கண்ணாடிதான், எரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. 20 கிலோமீட்டர் வரை இழை செல்லும். கீழே வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் மேலே செல்லும் ஒளி 1310 நானோமீட்டரிலும் இருப்பதால், ஒரே இழையில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்கின்றன. இரு கடல்கள் சந்தித்தும் கலவாமல் நிற்பதைக் குர்ஆனில் ஓதியிருக்கும் நமக்கு இதைக் கேட்டபோது உள்ளம் சற்று நின்றுதான் போயிற்று. சுப்ஹானல்லாஹ்.

கடையில் இருக்கும் கணினித் திரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு ஒளி போய்ச் சேருகிறது என்பது டெசிபல் கணக்கில் தெரிகிறது. மைனஸ் 27க்குக் கீழே இறங்கினால் இணைப்பு துண்டிக்கப்படும் நிலை. நேற்று மைனஸ் 20 இருந்த வீடு இன்று மைனஸ் 25 காட்டினால், எங்கோ இழை மடங்கிவிட்டது, அல்லது அணில் கடித்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டார் புகார் சொல்லும் முன்பே ஆள் அனுப்பிவிடுகிறார். முன்பு ஒரு பழுதுக்குப் பத்து மாடி ஏறிய பையன்கள் இன்று நேரே உரிய கம்பத்துக்குப் போகிறார்கள்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஜிபான் இழை ஒன்றில் கீழே வரக்கூடிய மொத்தத் திறன் வினாடிக்கு 2,488 மெகாபிட். (எம்.பி.பி.எஸ். என்று ரசீதில் போடுவது இந்த வினாடிக் கணக்கைத்தான், மருத்துவப் படிப்போடு அதற்குத் தொடர்பில்லை என்று ஒரு பெரியவருக்கு விளக்க வேண்டியிருந்தது.) அந்த இழையை 64 வீடுகள் பகிர்ந்துகொண்டால், எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்கும்போது வீட்டுக்கு ஏறத்தாழ 39தான் கிடைக்கும். அந்த 64 வீடுகளுக்கும் விற்றிருப்பதோ நூறு நூறாக 6,400. கணக்கை இப்படிப் பார்த்தால் இது மோசடி போலத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் காணொளி பார்க்கும்போது நான்கைந்து மெகாபிட் போதும். செய்தி படிப்பவருக்கு அதுவும் வேண்டாம். அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நேரத்தில் முழுத் திறனைக் கேட்பதில்லை. பள்ளிவாசல் ஹவ்ளில் ஒரே வேளையில் எத்தனை பேர் ஒளூச் செய்ய முடியும் என்று பார்த்துத்தான் கட்டுகிறோம். மஹல்லாவின் மக்கள்தொகை முழுவதும் ஒரே நிமிடத்தில் வரும் என்று கணக்கிட்டு யாரும் கட்டுவதில்லை. உலகெங்கும் இணையச் சேவை இந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

பட்டயம் பெற்ற ஆசிரியரே நாம், முஃப்தி அல்லர். ஆகவே மூத்த ஆலிம் ஒருவரிடமும் இதனை எடுத்துச் சென்றோம். பகிர்ந்து விற்பது தவறன்று, மறைத்து விற்பதே தவறு என்று அவர் தெளிவாகச் சொன்னார். வாங்குபவருக்குத் தெரியாத தன்மை ஒப்பந்தத்தில் புகுந்தால் அது ஃகரர். அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயம் வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவரைப் பற்றியது. மொத்தமாக வாங்கும் திறனைக் கூட்டாமல், ஆட்களை மட்டும் மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போகும் சேவையாளர் அந்த அத்தியாயத்தை அமர்ந்து ஓத வேண்டும். மக்ரிபுக்குப் பிறகு நூறு என்று சொன்னது மூன்றாகச் சுருங்கும் இடங்கள் இருக்கின்றன. அதற்கும் மாதக் கட்டணம் குறைவதில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு அகலப்பட்டை இணைப்புக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. சட்டம் காக்கும் எல்லை அவ்வளவுதான். இரண்டுக்கும் நூறுக்கும் இடையே உள்ள தொலைவு விற்பவரின் தக்வாவுக்கு விடப்பட்டிருக்கிறது. இப்போது தம்பியின் ரசீதில், நூறு என்பது உச்சவரம்பு என்றும் மாலை நேரத்தில் இதற்குக் குறையாது என்றும் இரண்டு எண்கள் தமிழில் அச்சாகின்றன. இரண்டாவது எண்ணைப் போட வேண்டாம், போட்டியாளர்கள் அதைக் காட்டியே ஆள் பிடிப்பார்கள் என்று அவருடைய மைத்துனர் தடுத்தார். மைத்துனர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. சில வீடுகள் விலகின.

ஆனால் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. மொத்தத் திறன் நிரம்பிவிடும் அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை யார் முடிவு செய்கிறார்? முன்பு யாரும் முடிவு செய்யவில்லை. முந்திக்கொண்டவர் எடுத்துக்கொண்டார். பெரிய திரைப்படம் ஒன்றைத் தரவிறக்கும் வீடு கால்வாயையே அடைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டில் வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேசும் தாயின் குரல் துண்டு துண்டாகும். இடைப்பட்ட கருவிகள் செய்திப் பொதிகளை மிக நீண்ட வரிசையில் தேக்கி வைப்பதே இதற்குக் காரணம். ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் இந்நோயைக் கண்டு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் வரிசையை நீளவிடாமல் காக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி வழிவிடும் முறை அதனோடு சேர்ந்து 2018இல் இணையத் தர ஆவணமாகப் பதிவாயிற்று. இதற்காகப் பல்லாண்டு உழைத்து, தம் ஆக்கங்களை இலவசமாகவே உலகுக்கு விட்டவர்களுள் டேவ் டாட் என்பவர் முதன்மையானவர். 2025 ஏப்ரலில் அவர் காலமானார். சிறு சேவையாளர்களுக்கென்றே உருவான லிப்ரேக்யூஓஎஸ் என்னும் இலவச மென்பொருள் அந்த உழைப்பின் வழி வந்தது. இரண்டு வலைத் துளைகள் உள்ள சாதாரணச் சர்வர் கணினி ஒன்று போதும். அதனை வெளியிணைப்புக்கும் ஓ.எல்.டி.க்கும் நடுவே வைத்துவிட்டால், நெரிசல் வேளையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கு தானாகவே பிரிகிறது. தம்பி பழைய சர்வர் ஒன்றை வாங்கி இதனை நிறுவினார். மாதக்கட்டணத்தில் ஒரு ரூபாயும் ஏற்றவில்லை.

ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி மடையில் நின்று முறை வைத்து நீர் விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மதீனாவின் மஹ்ஸூர் பள்ளத்தாக்கு நீரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. மேல்நிலத்துக்காரர் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டபின் கீழ்நிலத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. மேல்நிலத்துக்காரரின் உரிமை அதில் மறுக்கப்படவில்லை, எல்லை மட்டும் குறிக்கப்பட்டது. இன்று அந்தக் கணுக்கால் அளவு ஒரு கணினித் திரையில் எழுதப்படும் எண்ணாக இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த எண் என்பதைத் தம்பி ஒருவரே எழுதுகிறார். செல்வாக்குள்ள ஒருவர் கூடுதல் பணமும் தராமல் தம் வீட்டு எண்ணை மட்டும் சற்று உயர்த்திவைக்கச் சொன்னாராம். பக்கத்து வீட்டாருக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னாராம். தெரியாது என்பது உண்மைதான். தராசை வாங்குபவர் பார்க்கலாம். இந்தத் தராசை யாரும் பார்க்க முடியாது.

வெள்ளக் காலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்ததை நம் வட்டாரம் மறக்காது. வெளியிணைப்புக்கு ஒரே வழிதான் இருந்தால், அது அறுந்ததும் எல்லாம் போயிற்று. பண்ருட்டி வழியாக ஒன்றும் நெல்லிக்குப்பம் வழியாக ஒன்றும் என இரண்டு வழிகள் இருந்தால், ஒன்று அறுந்தாலும் பாதித் திறனாவது மிஞ்சும். பெரிய நிறுவனங்கள் இதனை வளையமாக அமைக்கின்றன. சிறியவருக்கு இரண்டாவது வழி என்பது இரட்டைச் செலவு. ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தை நம் மாநிலத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் நடத்துகிறது. 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. அந்த இழையில் உபரித் திறன் நியாயமான வாடகைக்குக் கிடைக்குமானால், இரண்டாவது வழி சிறு சேவையாளருக்கும் எட்டும் என்பது நம் எண்ணம்.

இரண்டாவது கேள்வியைச் சொல்வதற்கு முன், முகவரிப் பஞ்சத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். பழைய இணைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தாம் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. சிறு சேவையாளருக்குக் கிடைப்பது மிகச் சில. எனவே பல வீடுகள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கின்றன. ஒரு வீட்டில் யாரோ செய்த குற்றத்துக்குக் காவல்துறை முகவரியைக் கேட்டு வந்தால், அது எந்த வீடு என்று காட்டுவது பதிவேடு மட்டுமே. அதில் நேரம் சில வினாடிகள் பிசகினாலும் சந்தேகம் நிரபராதியின் வாசலில் போய் நிற்கும். 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதியின்படி இப்பதிவுகளை இரண்டு ஆண்டுகள் காக்க வேண்டும். கடிகாரங்களை அரசு நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஆணையிட்டது. புதிய ஆறாம் பதிப்பு முகவரி முறையில் வீட்டுக்கு வீடு தனி முகவரி கொடுக்க முடியும். தம்பி அதற்கும் மாறிவருகிறார். அதுவரை பதிவேடுதான் சாட்சி.

அந்தப் பதிவேட்டைத்தான் கேட்டார்கள். மஹல்லாவின் பெரியவர்கள் சிலர் தம்பியிடம் வந்து, நள்ளிரவுக்குப் பின் எந்தெந்த வீட்டில் இணையம் ஓடுகிறது, பிள்ளைகள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று பட்டியல் தருமாறு கேட்டனர். அவர்கள் கவலை பொய்யன்று. இணைய ரம்மியில் நகையும் நிலமும் இழந்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் இருந்ததனால்தான் 2022இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆபாசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "கொடுக்கலாமா, ஹஜ்ரத்? பெரியவர்கள் கேட்டு மறுப்பது எப்படி?" என்று தம்பி நம்மிடம் கேட்டார்.

கொடுக்கக் கூடாது என்றோம். துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தெளிவாகத் தடுக்கிறது. நன்னோக்கம் இருந்தால் துருவலாம் என்று அதில் விலக்கு இல்லை. அந்தப் பட்டியலில் உண்மையில் என்ன இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. சேவையாளருக்குப் பெரும்பாலும் தளத்தின் பெயரும் நேரமும் அளவும்தான் தெரியும், உள்ளே பார்த்தது என்ன என்பது தெரியாது. வீடு தெரியும், ஆள் தெரியாது. ரியாதில் இரவு ஒன்பதரை மணி ஆகும்போது இங்கே நள்ளிரவு. வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து கணவர் அழைக்கும் நேரம் அதுதான். நள்ளிரவுக்குப் பின் இணையம் ஓடும் வீடுகள் என்று பட்டியலிட்டால், முதல் வரிசையில் நிற்கப்போவது கணவனைப் பிரிந்து குழந்தைகளோடு இருக்கும் நம் சகோதரிகளின் வீடுகள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நான்கு பேர் என்ன பேசுவார்கள் என்பதை விவரிக்க நாம் விரும்பவில்லை. கற்புள்ள பெண்கள் மீது அவதூறு சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவர்.

நாட்டுச் சட்டமும் இதனை அனுமதிக்காது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. பதிவேட்டைக் கேட்கும் உரிமை சட்டப்படி அதிகாரம் பெற்றவருக்கே உண்டு, ஜமாஅத்துக்கு இல்லை.

மறுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீட்டு ரௌட்டரில் பெயர்த்தேடல் முகவரியை 1.1.1.3 என்று மாற்றிவிட்டால், ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை அந்த வீட்டில் திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று இலவசமாகத் தொடங்கிய சேவை இது. விரும்பிய வீடுகளுக்குத் தம்பியின் ஆட்கள் போய் மாற்றிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள் என்று பெற்றோரிடம் நாம் வேண்டிக்கொண்டோம். இது முழுப் பாதுகாப்பு அன்று. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் தடுப்பு போயிற்று. அதற்கு மேல் செய்ய வேண்டியது ரௌட்டரில் இல்லை, அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசும் நேரத்தில் இருக்கிறது.

இன்னொரு மாற்றத்தையும் தம்பி செய்தார். முன்பு கடையிலிருந்த எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். புதிதாகச் சேர்ந்த பையனும் எந்த வீட்டுப் பதிவையும் திறந்து பார்க்கலாம். இப்போது ஆளுக்கொரு கணக்கு. பழுது பார்ப்பவருக்கு ஒளி அளவு மட்டும் தெரியும். பதிவேட்டைத் தம்பி மட்டுமே திறக்க முடியும், அவர் திறந்தாலும் எப்போது திறந்தார் என்பது தனியே பதிவாகிறது. தம் மீதும் ஒரு காவலை வைத்துக்கொண்டதற்காக நாம் அவரைப் பாராட்டினோம்.

பட்டியல் கேட்டவர்களில் பெரும்பாலோர் விளங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் மனத்தாங்கலோடு இருக்கிறார். நம் ஸலாமுக்குப் பதில் சொல்கிறார், நின்று பேசுவதில்லை. தம்பிக்கு நெல்லிக்குப்பம் வழியான இரண்டாவது கம்பி இன்னும் கிடைத்தபாடில்லை. கம்பங்களுக்கான அனுமதி நிலுவையில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் கிடைத்துவிட வேண்டும் என்று துஆச் செய்யுங்கள்.